‘சிஸ்டர்’ என்று யாரும் கூப்பிடாத நாளில் என்ன செய்யலாம்?

34 ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நர்சாக இருந்த என்னைச் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, என் கை தானாகக் கோட்டுப் பையிலிருக்கும் பேனாவைத் தேடிப் போனது. கோட்டும் இல்லை, பையும் இல்லை. அடுப்படியிலேயே நின்று அழுதேன். வேலை போய், பிள்ளைகள் வெளியூர் போய், தேர்வில் தோற்று, ‘இனி நான் யார்?’ என்று இப்படி நிற்கிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிறர் உங்களை அழைத்த பெயர்களை எல்லாம் எழுதுங்கள். உறவுமுறை, பதவி, பட்டப்பெயர், வசைகூட. நல்லதை மட்டும் பொறுக்காதீர்கள். சாதியைச் சொல்லி அழைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். கோவில் வாசலிலேயே என்னை “நீங்கள் எந்த ஆட்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள், கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர் என்ற பிரிவு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை உள்ளே வாசிக்கக் கேட்டுவிட்டு வந்த பத்தாவது நிமிடத்தில். அது பாவம். அதற்கு மெல்லிய சொல் தேட மாட்டேன்.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதைக் கொடுத்தவர் யார், பறிக்கக்கூடியவர் யார் என்று எழுதுங்கள். அவசரம் வேண்டாம், எனக்கு இரண்டு வாரம் ஆனது. நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது கூலியாட்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். பழம் பறிக்கும் மாதங்களில், சாயங்காலம் அம்மா சாக்கோடு எடை வரிசையில் நிற்பாள். கணக்குப்பிள்ளை தராசைப் பார்ப்பார், பிறகு ஏட்டைப் பார்ப்பார். எடை குறைந்தால் ‘அரைப் பேர்’ என்று எழுதுவார். அரை நாள் கூலி, அவ்வளவுதான் பொருள். ஆனால் அம்மா பழச்சாறு காய்ந்து பிசுபிசுத்த விரல்களோடு வந்து உட்கார்ந்து, “இன்றைக்கு அரைப் பேர்தான்” என்று சொல்லும்போது, ஆளே பாதியாகிவிட்டது போலிருக்கும். ‘சிஸ்டர்’ என்ற சொல்லுக்கு எதிரே எழுதப் போனபோதுதான் உறைத்தது: நானும் தராசில் நின்று வாங்கிய பெயரைத்தான் என் முழுப் பெயர் என்று நம்பியிருந்தேன்.

அடுத்தது விவிலியம். மூன்று இடங்கள் போதும். விடுதலைப் பயணம் 3ஆம் அதிகாரத்தில் மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார். வயது 80ஐ நெருங்கிவிட்டது. எகிப்து மன்னன் பார்வோனிடம் போ என்று கடவுள் சொன்னதும், “நான் யார்?” என்று கேட்கிறார். கடவுள் அவருடைய தகுதிகளை அடுக்கவில்லை. நான் உன்னோடு இருப்பேன் என்கிறார். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று என்று முதலில் தோன்றும். அந்தப் பதிலோடு ஒரு வாரம் இருங்கள். எசாயா 43ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். யாக்கோபின் பெயர் வரும் இடத்தில் உங்கள் திருமுழுக்குப் பெயரை, அதாவது ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை, சொல்லுங்கள். நாக்குக் கூசும். எனக்கு முதல் நாள் குரலே எழவில்லை. லூக்கா 3இல், இயேசு ஒரு நோயாளியையும் குணமாக்கத் தொடங்காத நேரத்தில், அன்பு மகன் என்ற குரல் வானிலிருந்து வருகிறது. பெயர் முன்னே, வேலை பின்னே.

பிறகு ஒரு நாள் ஒதுக்கி, திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கே, அதாவது அந்த ஊர்க் கோவிலுக்கே, போய்த் திருமுழுக்குப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பாருங்கள். இப்போது குடியிருக்கும் பங்கில் தேடிப் பயனில்லை. சேலம் மறைமாவட்டமே 1930இல் அமைந்தது. பிறகு பங்குகள் பிரிந்திருக்கின்றன, ஆகவே உங்கள் பங்கு எதிலிருந்து பிரிந்ததோ அந்தத் தாய்ப் பங்கிலும் விசாரியுங்கள். பெற்றோர் பெயரும் உத்தேசமான ஆண்டும் தெரிந்தால் தேட முடியும். முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். வயது வந்தபின் முழுக்குப் பெற்றவர்கள் அந்த நாளில் உடன் நின்றவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம்.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து ஏற்காட்டுக்குப் போனேன். பழுப்பேறிய பக்கம், நீல மை. என் பெயர், தேதி, ஞானப்பெற்றோர், குருவானவரின் கையெழுத்து. ஓரத்தில் பிற்பாடு குறித்த என் திருமணம். என்ன வேலை செய்தேன் என்று கேட்கும் கட்டமே இல்லை. அந்தத் தேதி, நான் பிறந்து பதினோராவது நாள். பெற்றோர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், ஓர் எழுத்துக் குறையாமல், முழுதாக இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் பழைய பதவி தெரியாத ஒருவருக்கு வாரம் ஒரு முறை ஏதாவது செய்யுங்கள். எங்கள் தெருக்கோடியில் படுக்கையில் இருக்கும் பாட்டிக்குச் செவ்வாய்தோறும் நகம் வெட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறேன். போன வாரம்தான் பாட்டி என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.