பழைய டீசல் ப்ளோயரைப் பெட்ரோல் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜராக மாற்றியமைக்கும் முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பட்டறைகளில் டீசல் எஞ்சின் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் மெக்கானிக் ஒருவருக்கு, டெட்ராய்ட் டீசல் எஞ்சினின் ப்ளோயரை, அதாவது சிலிண்டர்களுக்குள் காற்றைத் தள்ளும் கருவியை, புதுப்பிப்பது எட்டாத வேலை அல்ல. ஆனால் அதைப் பெட்ரோல் எஞ்சின்மேல் சூப்பர்சார்ஜராக, அதாவது கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவியாக, ஏற்றும்போது டீசலில் இல்லாத சில நிலைமைகள் உண்டாகின்றன. அவற்றை மனத்தில் வைத்தே ஒவ்வொரு படியையும் இங்கே எழுதுகிறேன்.

டெட்ராய்ட் டீசலின் 71 வரிசை எஞ்சின்களை ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். 6-71 என்றால் ஆறு சிலிண்டர். இவை டூ ஸ்ட்ரோக் டீசல்கள் என்பதால், எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்ப ப்ளோயர் இல்லாமல் ஓடவே ஓடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் தரையிறங்கு படகுகளில் ஓடிய இந்த எஞ்சின்கள் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தன. பந்தயக் கார் கட்டியவர்கள் அவற்றின் ப்ளோயரை மட்டும் கழற்றிப் பெட்ரோல் எஞ்சினில் வைத்துப் பார்த்தார்கள். ஃபோர்டு வி8 எஞ்சினில் 3-71 ப்ளோயரைப் பொருத்திய பார்னி நவாரோ அவர்களில் முன்னோடி.

உள்ளே இருப்பவை மூன்று இதழ்கள் கொண்ட, சற்றே முறுக்கிய இரண்டு அலுமினிய ரோட்டர்கள். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, கூட்டின் சுவரையும் தொடுவதில்லை. தொடாமல் சுற்ற வைப்பவை ஒரு முனையில் உள்ள இரண்டு டைமிங் கியர்கள். காற்று ரோட்டர்களுக்கு நடுவே போகாமல் சுவரை ஒட்டி வெளிப்புறமாகச் சுற்றிச் செல்கிறது. இந்த வேலை முழுவதும் மயிரிழை இடைவெளியைக் காப்பாற்றும் வேலைதான்.

வாங்கும்போதே அளவைத் தீர்மானிக்க வேண்டும். 6-71 ப்ளோயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 411 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர் காற்றைத் தள்ளும். அதன் ரோட்டர் நீளம் 15 அங்குலம். ஆகவே ஓர் அங்குல ரோட்டர் நீளத்துக்குச் சுமார் 450 கன சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, அதே குறுக்களவுள்ள குட்டை ப்ளோயர்களையும் டேப்பால் அளந்து மதிப்பிடலாம். அமெரிக்கர்களின் 5, 6 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 6-71 பொருந்தும். நம் பக்கம் ஜீப்பில் ஓடிய 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு அது மிகப் பெரிது. அந்த எஞ்சின் ஒரு சுற்றுக்கு உறிஞ்சுவது 1.1 லிட்டர்தான் என்பதால், குட்டை ப்ளோயரையும் எஞ்சின் வேகத்தில் பாதிக்குக் குறைவாகவே சுற்ற வைக்க வேண்டியிருக்கும்.

காயலான் கடையில் பார்க்கும்போது ரோட்டரைக் கையால் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் உரசும் சத்தம் கேட்டால் பேரிங்கோ கியரோ தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம். இதழின் நுனியில் நீளவாக்கில் ஆழமான கீறல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கடலோரத்துப் பொருளில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கூட்டின் அடிப்பகுதியில் உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தால், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நகத்தால் அதைச் சுரண்டிவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், சில இடங்களில் வெறும் கறை இருக்கும், சில இடங்களில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருக்கும். சுவரில் உள்ள சிறு குழிகளால் பெரிய கேடில்லை. கூட்டின் முனையை மூடும் முனைத்தகடு உட்காரும் முகத்திலும் பேரிங் அமரும் துளையிலும் குழி இருந்தால் அந்தக் கூட்டை விட்டுவிடுவதே நல்லது.

பிரிக்கும் முன் முனைத்தகடு, கூடு, கியர், ரோட்டர் எல்லாவற்றிலும் எது எதனோடு இருந்தது என்று குறியிட வேண்டும். கியர்களைக் கழற்றுவதில்தான் அதிகமான ப்ளோயர்கள் பாழாகின்றன. இரண்டு கியர்களும் சாய்பல் உள்ளவை. ஒன்றை மட்டும் புல்லர் போட்டு இழுத்தால் அது மற்றதைத் திருப்பி ரோட்டர்களை ஒன்றோடொன்று மோதவைக்கும். ஆகவே இரண்டு புல்லர்களைப் பூட்டி, மாறி மாறிக் கால் சுற்றாகத் திருகி, இரண்டையும் ஒரே சமயத்தில் வெளியே கொண்டுவர வேண்டும். கியருக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை, என்ன கனம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கரியை எடுக்க நம் பட்டறைகளில் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. இரும்புக்கு அது சரி. அலுமினியத்தையோ காஸ்டிக் சோடா கரைத்தே விடும், அதோடு தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாக நல்ல தண்ணீரில் அலசிக் காற்றடித்துக் காயவைத்தால் போதும். அந்த அலசலுக்கு உவர்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. குடிதண்ணீரை விலைக்கு வாங்கியாவது ஊற்ற வேண்டும்.

அடுத்தது ஆயில் சீல். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது என்பதால் ப்ளோயரின் உறிஞ்சும் வாயில் பெரிய வெற்றிடம் உண்டாவதில்லை. பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரை ப்ளோயருக்கு முன்னால் வைக்கிறோம்; திராட்டிலை மூடியதும் ப்ளோயருக்குள் பலத்த வெற்றிடம் ஏற்பட்டு, கியர்ப் பக்கத்து எண்ணெயைச் சீல் வழியாக உள்ளே இழுக்கும். அந்த எண்ணெய் கலவையோடு எரிவதால் புகை வருவது மட்டுமல்ல, பெட்ரோலின் ஆக்டேன் மதிப்பும் குறைந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். டீசலில் ஒழுகாமல் இருந்த பழைய சீல் இங்கே ஒழுகுவதற்கு இதுவே காரணம். எனவே நான்கு முனைகளிலும் புதுச் சீல் போட வேண்டும். அது எஃப்.கே.எம். ரப்பர், அதாவது கடைக்காரர்கள் வைட்டான் என்று சொல்லும் வகையாக இருக்க வேண்டும். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் சாதாரணக் கறுப்பு ரப்பர் சீலை நம்ப முடியாது. சீல் உதடு உரசும் இடத்தில் தண்டு பள்ளமாகத் தேய்ந்திருந்தால், லேத்தில் கடைந்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றிய பிறகே சீல் போட வேண்டும். முனைத்தகட்டில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே வெளிக்காற்றுக்குத் திறக்கும் சிறு துளை ஒன்றைப் போட முடிந்தால், வெற்றிடம் எண்ணெயை எட்டாது. என் அனுபவத்தில் இந்தத் துளைக்குச் செலவிட்ட உழைப்பு வீண்போனதில்லை.

டீசலில் எஞ்சினின் எண்ணெயே ப்ளோயருக்கும் வந்தது. இங்கே அந்த எண்ணெய் வந்த துளைகளைத் திருகு போட்டு அடைத்துவிட்டு, கியர்ப் பக்க மூடிக்குள் தனியாகக் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கியரின் கீழ்ப் பற்கள் நனையும் மட்டம் போதும். கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் கடைபட்டு நுரைத்துச் சூடாகும்.

பேரிங்குகளில் கியர்ப் பக்கத்தில் இருப்பது இரட்டை வரிசைப் பால் பேரிங். ரோட்டரை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அதுவே. மறுமுனையில் இருப்பது ரோலர் பேரிங். சூட்டில் ரோட்டர் நீளும்போது அந்தப் பக்கமாக நகர அது இடம்கொடுக்கும். இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள். பழையதில் கையில் ஆட்டம் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

இனி இடைவெளி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியசுக்கு 23 மைக்ரான் நீளும். 15 அங்குல ரோட்டர் கூட்டைவிட 40 டிகிரி அதிகமாகச் சூடானால், கூட்டை விடச் சுமார் 0.35 மி.மீ. கூடுதலாக நீளும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்றால், 35 டிகிரி வெயில் காற்றை அரை பார் அழுத்தத்துக்கு ஏற்றும்போது, இத்தகைய ப்ளோயரில் வெளியேறும் காற்று 110 டிகிரியை எளிதில் தொடும். டீசலில் இவ்வளவு சூடு கண்டதில்லை என்பதால், தொழிற்சாலை கொடுத்த முனை இடைவெளி பெட்ரோலுக்குப் போதாது. ரோலர் பேரிங் பக்கத்து முனையில் இடைவெளியைக் கூட்ட ரோட்டரின் முகத்தை லேத்தில் மிக மெல்லியதாகச் சீவுவதே வழி. கூட்டுக்கும் முனைத்தகட்டுக்கும் நடுவே தடித்த கேஸ்கட் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கேஸ்கட் நசுங்கினால் இடைவெளி போய்விடும்.

ரோட்டர்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கியருக்குப் பின்னால் உள்ள ஷிம்களால் சரிசெய்கிறோம். சாய்பல் கியர் தண்டில் முன்னோ பின்னோ நகரும்போது ரோட்டரைச் சிறிது திருப்புகிறது. 0.003 அங்குல ஷிம் ரோட்டரை 0.001 அங்குலம் திருப்பும். அரை அங்குல அகலமுள்ள நீளமான ஃபீலர் தகட்டை இதழ்களுக்கு நடுவே விட்டு, ரோட்டரின் இரண்டு முனைகளிலும் நடுவிலும், இதழின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும், ஆறு இதழ்களுக்கும் அளந்து தாளில் எழுத வேண்டும். தகட்டை இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கினால் இடைவெளி அதிகம். மெல்லிய பிடிப்போடு வந்தால் அதுவே அளவு. முன்பக்க அளவும் பின்பக்க அளவும் சமமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மாடலின் கையேட்டில் கொடுத்த வித்தியாசத்தைப் பின்பற்றுங்கள். கியர்ப் பற்களின் ஆட்டம் 0.004 அங்குலத்தைத் தாண்டினால் ஷிம்மால் பயனில்லை, கியர்களை ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஷிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு கியர்களையும் சேர்த்து இழுத்து, சேர்த்தே ஏற்ற வேண்டியிருப்பதால் இந்த வேலைக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். கச்சான் காற்று மணலை வாரும் மாதங்களில் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் இடைவெளியைவிடப் பெரிய மணல் நம் கரையில் தாராளம்.

பொருத்தும் முன் சுற்றும் திசையைச் சோதியுங்கள். உறிஞ்சும் வாய் மேலே இருக்கும்படி வைத்து மேலிருந்து பார்க்கும்போது, இதழ்கள் நடுவிலிருந்து சுவரை நோக்கி விலகிச் செல்ல வேண்டும். பெல்ட் பல்லுள்ளதாக இருக்கட்டும். எஞ்சினில் உள்ள கீழ்ப் புல்லியின் பற்களை ப்ளோயரில் உள்ள மேல் புல்லியின் பற்களால் வகுத்தால் வேக விகிதம் வரும். முதலில் குறைந்த விகிதத்தில் தொடங்கி, அழுத்தமானியைப் பார்த்துப் பிறகு ஏற்றலாம். பழைய எஞ்சினுக்கு 0.3 பார் அழுத்தமே தாராளம். சூப்பர்சார்ஜ் செய்யும் பெட்ரோல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 8-க்கு 1 அளவிலோ அதற்குக் கீழோ இருப்பது பாதுகாப்பு. ஜீப் எஞ்சினில் இது ஏற்கெனவே 7-ஐ ஒட்டியே இருப்பதால் ஹெட்டைத் தொட வேண்டாம். சுமையில் இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி தாமதப்படுத்துவதும், ஆக்டேன் கூடுதலான பெட்ரோலைப் போடுவதும் பிஸ்டனைக் காக்கும்.

ப்ளோயருக்குள் நிறைந்திருப்பது எரியும் கலவை என்பதை மறக்கக் கூடாது. எஞ்சின் ஒரு முறை கார்புரேட்டர் பக்கமாக வெடித்தாலும் அந்தத் தீ முழுவதும் ப்ளோயருக்குள் பரவி அதைத் தூக்கி எறியக்கூடும். மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த அழுத்த வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது யாரும் எஞ்சின்மேல் குனிந்து நிற்கக் கூடாது. கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுப்பதால், இந்த எஞ்சினை ஸ்டாண்டிலோ உங்கள் சொந்த நிலத்திலோ மட்டும் ஓட்டுங்கள்.

ஓட்டி முடித்த பின் பெட்ரோலை உள்ளேயே தங்க விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு உப்புக் காற்றும் சேர்ந்தால் புதுப்பித்த ரோட்டரில் வெள்ளைப் பொடி மறுபடி பூக்கும். கார்புரேட்டரை வற்றவைத்து, உறிஞ்சும் வாய் வழியாக மெல்லிய எண்ணெயைத் தெளித்து, பெல்ட்டைக் கழற்றி ரோட்டரைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, வாயை டேப் ஒட்டி மூடிவையுங்கள். முதல் சூடான ஓட்டத்துக்குப் பிறகு இந்த மூடுதலுக்கு முன்னால் ஃபீலர் தகட்டை இன்னொரு முறை விட்டு, தாளில் எழுதிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; ஏதாவது ஓர் இதழில் இடைவெளி குறைந்திருந்தால் பேரிங்கோ ஷிம்மோ சரியாக அமரவில்லை என்று பொருள், அதைப் பிரித்துச் சரிபார்த்த பிறகே அடுத்த ஓட்டம்.