புள்ளி விழுகிறதா என்று பாருங்கள்: அன்றாட எழுத்துக்கு மைப்பேனா தேர்ந்தெடுக்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசித்துக்கொண்டு புதுச்சேரியில் தமிழாசிரியராகப் பணிபுரியும் எனக்கு, பாடக்குறிப்பு, வினாத்தாள் வரைவு, பதிவேடு என்று நாளொன்றுக்கு ஐந்தாறு பக்கங்களாவது கையால் எழுதவேண்டியிருக்கிறது. பந்துமுனைப் பேனாவை அழுத்தி எழுதியதில் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கியபோது, பள்ளிப் பருவத்தோடு விட்டுவிட்ட மைப்பேனாவுக்குத் திரும்பினேன். இரண்டு ஆண்டுகளில் நான்கு பேனாக்கள் வாங்கினேன். அவற்றுள் இரண்டு வீண். அந்த இரண்டையும் நான் தேர்ந்தெடுத்தது அழகைப் பார்த்தும், ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் பரிந்துரைகளைப் படித்தும்தான். தமிழ் எழுதும் கைக்கு, வியர்வை நிற்காத ஊருக்கு, நாள்தோறும் பேருந்தில் போகிறவருக்கு எது பொருந்தும் என்பதை நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். மை நிரப்புவதும் பேனாவைப் பிடிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அவற்றை விட்டுவிட்டு, தேர்வு செய்யும் முறையை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி: தாளைக் கையில் எடுங்கள்

கடைக்குப் போகும்போது நீங்கள் அன்றாடம் எழுதும் தாளில் இரண்டு மூன்றைக் கிழித்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் நீட்டும் வழவழப்பான குறிப்பேட்டில் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். மலிவான நோட்டுப் புத்தகத்தில் அதே பேனாவின் மை, கோட்டின் இரு ஓரங்களிலும் வேர்விட்டுப் பரவி, மறுபக்கத்துக்கும் ஊறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் பக்கத்துக் காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்வதால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். நான் வரைவுகளுக்குப் பயன்படுத்துவது, கரும்புச் சக்கையைக் கொண்டு கரூர் மாவட்டத்தில் தயாராகும் டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) நகல் தாள், அதன் விலைக்கு மை அவ்வளவாக ஊறாத தாளாக எனக்கு அமைந்தது. புதுச்சேரிக்கு வருபவர்கள் ஆசையோடு வாங்கிச் செல்லும் ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் கடிதம் எழுதவும் அட்டை செய்யவும் அருமையானது. ஆனால் அதன் இழைகள் நிப்பின் பிளவில் சிக்கிக்கொள்வதால் அன்றாட எழுத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இரண்டாம் படி: ‘ண’ எழுதிப் பாருங்கள்

நிப்பின் பருமனைக் குறிக்க ஈஎஃப், எஃப், எம், பி என்ற எழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். ஈஎஃப் மிக மெல்லியது, பி தடித்தது. இதில் ஒரு குழப்பம் உண்டு. ஜப்பானிய நிறுவனங்களின் எஃப், ஐரோப்பிய நிறுவனங்களின் எஃப்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு படி மெல்லியதாக இருக்கும். தமிழில் ண, ஞ, இ போன்ற எழுத்துகளில் சுழிகள் அடுத்தடுத்து வருவதால், தடித்த நிப்பில் அவை மையால் அடைபட்டு வெறும் கரும்பொட்டுகளாகிவிடும். ஆகவே, ‘தண்ணீர்’, ‘எண்ணெய்’, ‘இஞ்சி’ ஆகிய சொற்களை உங்கள் வழக்கமான வேகத்தில் எழுதுங்கள். சுழிகளின் உள்ளே வெள்ளை தெரிந்தால் அந்தப் பருமன் உங்களுக்குப் போதும். என் கையெழுத்து சிறியது. ஜப்பானிய எஃப்புக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பெரிதாக எழுதுகிறவர்கள் ஐரோப்பிய எஃப்பை எடுக்கலாம்.

தங்க நிப்பு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். தாளைத் தொடுவது நிப்பின் முனையில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் கடினமான உலோகக் குமிழ்தான். எஃகு நிப்பிலும் அது உண்டு, தங்க நிப்பிலும் அது உண்டு.

மூன்றாம் படி: புள்ளிச் சோதனை

நான் வழுக்கி விழுந்த இடம் இது. நான் வாங்கிய இரண்டாவது பேனா கோடு இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. கடையில் என் கையெழுத்தை நான்கைந்து முறை போட்டுப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, நான் எழுதிக் கொடுத்த வினாத்தாளைத் தட்டச்சு செய்தவர், “ஐயா, பாதி மெய்யெழுத்தில் புள்ளியே இல்லையே” என்று திருப்பிக் கொண்டுவந்தார். எடுத்துப் பார்த்தால் ‘கல்’ என்பது ‘கல’ என்றும், ‘மெய்’ என்பது ‘மெய’ என்றும் கிடந்தன. புள்ளி வைத்தது என் கைக்கு நன்றாக நினைவிருந்தது. தாளில் அழுத்திய தடமும் இருந்தது, மைதான் இல்லை.

காரணத்தைப் பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நிப்பின் முனைக் குமிழ் நடுவில் பிளந்திருக்கும்; அந்தப் பிளவின் வழியாகத்தான் மை தாளுக்கு வருகிறது. வழவழப்புக்காக முனையை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், பிளவை ஒட்டிய உள்விளிம்புகளும் சேர்ந்து உருண்டுவிடுகின்றன. அப்போது இரு பக்கக் குமிழ்கள் தாளைத் தொட்டாலும், நடுவிலுள்ள மை தாளுக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. கோடு இழுக்கத் தொடங்கிச் சற்று அழுத்தம் விழுந்ததும் மை தாளைத் தொட்டு, அதன்பின் தடையின்றி ஓடும். எழுத்துகளைச் சேர்த்தே எழுதுகிற ஆங்கிலக்காரருக்கு இந்தக் குறை சொல்லின் முதல் கீற்றில் மட்டும் தெரியும். நாமோ ஒவ்வொரு சொல்லிலும் பேனாவைத் தூக்கித் தூக்கி ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்கிறோம். சொல் முழுவதையும் எழுதிவிட்டுப் புள்ளிகளைக் கடைசியில் வரிசையாக வைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பேனா எமன்.

எனவே, ‘பார்த்துக்கொள்’ என்ற சொல்லை 20 முறை எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு நான்கு புள்ளி, மொத்தம் 80. பத்தாவது முறைக்குப் பிறகு பேனாவை மூடாமல் அரை நிமிடம் வைத்திருந்து மீண்டும் தொடங்குங்கள். இரண்டு மூன்று புள்ளிகள் விடுபட்டால் அது உங்கள் கையின் பிழையாக இருக்கலாம். பத்துக்கு மேல் விடுபட்டால் அந்தப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்கியதால் முன்கூட்டிச் சோதிக்க முடியவில்லை என்றால், தீர்ப்புக் கூறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். புதிய பேனாவினுள் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை மிஞ்சியிருக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நிப்புப் பகுதியில் அந்த நீரை ஏற்றி இறக்கி, பிறகு வெறும் தண்ணீரில் பலமுறை அலசி, ஓர் இரவு உலரவிட்டு மை நிரப்புங்கள். பல பேனாக்கள் இதிலேயே சரியாகிவிடும். அதன் பிறகும் புள்ளி விழாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பள்ளியில் நாம் செய்தது போல நிப்பின் பிளவில் பிளேடைவிட்டு இழுக்காதீர்கள். பிளவு அகன்று, மை வராத பேனா மை கக்கும் பேனாவாகிவிடும்.

நான்காம் படி: மை எங்கே தங்குகிறது?

ஃபில்லரால் உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனா, உள்ளே கன்வெர்ட்டர் என்னும் சிறு உறிஞ்சுகுழாயைப் பொருத்தி மையை உறிஞ்சும் பேனா, மை அடைத்து வரும் கார்ட்ரிஜ் குழாயைச் செருகும் பேனா என்று பெரும்பாலும் மூன்று வகை உண்டு. முதல் வகையில் 3 மில்லிலிட்டர் வரை கொள்ளும் பேனாக்கள் உண்டு. கன்வெர்ட்டரில் பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும். எனக்கு முந்தையது ஒரு வாரத்துக்கு மேல் வருகிறது, பிந்தையது இரண்டு நாள். இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் ஊற்றும் பேனாவை முதலில் வாங்கினேன்.

ஒரு புதன்கிழமை, ஆசிரியர் அறையில் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, பத்தாவது நிமிடத்தில் பொத்தென்று ஒரு சொட்டு மை பக்கத்தின் நடுவில் விழுந்தது. பேனாவில் எந்த விரிசலும் இல்லை. மறுநாளும் அதே கதை. நிறைய மை இருக்கும்போது ஒழுகாத பேனா, தீரப்போகும்போது மட்டும் ஒழுகுவதைக் கவனித்தபிறகுதான் பிடிபட்டது.

3 மில்லிலிட்டர் கொள்ளும் பேனாவில் அரை மில்லிலிட்டர் மைதான் மிஞ்சியிருக்கிறது என்றால், மீதி இரண்டரை மில்லிலிட்டரும் காற்று. அறையின் வெப்பம் 28 டிகிரி, பிடித்திருக்கும் கையின் வெப்பம் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு விரியும். ஆறு டிகிரிக்கு நூற்றில் இரண்டு பங்கு. இரண்டரை மில்லிலிட்டரில் அது 0.05 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்பதால், விரிந்த காற்று வெளியே தள்ளுவது சரியாக ஒரு சொட்டு. பேனா நிரம்பியிருந்து காற்று அரை மில்லிலிட்டர் மட்டும் இருந்தால் தள்ளப்படுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு; அதை நிப்புக்கு அடியிலுள்ள கட்டையின் வரிப்பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். கன்வெர்ட்டரில் எப்போதுமே காற்று குறைவு என்பதால் இந்தத் தொல்லை எழுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: முதல் பேனா கன்வெர்ட்டர் உள்ளதாக இருக்கட்டும். ஊற்றும் பேனாவை விரும்பி வாங்கினால், பாதிக்குக் கீழே மை இறங்கவிடாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். மை கசியாதிருக்க, நிப்புப் பகுதியை உடலோடு திருகும் மரையில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். எந்த வகையானாலும் பயணத்தில் நிப்பு மேல்நோக்கியே இருக்கவேண்டும். ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று வேகத்தடைகளில் குதித்துக்கொண்டு போகும் பேருந்தில், பைக்குள் படுத்துக் கிடக்கும் பேனா தன் மூடியை மையால் நிரப்பிவிடும்.

ஐந்தாம் படி: எதை வாங்குவது

குறைந்த விலையில் தொடங்க, பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி. 0.3, 0.5 என்று நிப்பின் பருமன் எண்ணாகவே குறிக்கப்பட்டிருக்கும். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருப்பதால், கோடை விடுமுறை முழுவதும் மேசை இழுப்பறையில் கிடந்த என் பேனா ஜூன் மாதத்தில் முதல் தொடுதலிலேயே எழுதியது. தமிழுக்கு 0.3 பருமனைப் பரிந்துரைக்கிறேன். கன்வெர்ட்டரைத் தனியாக வாங்கவேண்டும்.

பைலட் காக்குனோவின் நிப்பில் சிரிக்கும் முகம் பொறித்திருக்கும். குழந்தைகளுக்கானது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், இன்று என் சட்டைப்பையில் இருப்பது அதுதான். 1980ஆம் ஆண்டிலிருந்து விற்கப்படும் லாமி சஃபாரி உறுதியானது. ஆனால் அதன் பிடி முக்கோணமாகச் செதுக்கப்பட்டிருப்பதால், விரல்களை வேறுவிதமாக வைத்துப் பழகியவர்களுக்கு ஒத்துவராது, எனக்கும் ஒத்துவரவில்லை. கடையில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்காமல் அதை வாங்கவேண்டாம்.

நம் நாட்டுப் பேனாதான் வேண்டும் என்பவர்கள் திருவள்ளூரின் ரங்கா பேனாக்களையும், சென்னை பாரிமுனையிலுள்ள ஜெம் அண்ட் கோ கடையையும் பார்க்கலாம். இவற்றில் கிடைக்கும் எபோனைட் பேனாக்கள், கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரால் கடைந்தெடுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் வியர்க்கும் விரல்களுக்கு இதைப்போல் நழுவாத பிடி வேறில்லை. இதே காரணத்தால், பிடிக்குமிடம் பளபளக்கும் உலோகமாக உள்ள பேனாவை நம் ஊருக்கு நான் சொல்லமாட்டேன். எபோனைட்டை வெயிலில் வைக்காதீர்கள், நிறம் மங்கிவிடும்.

மை பற்றி இரண்டே செய்திகள். கடையில் ‘இந்தியன் இங்க்’ என்று விற்கப்படும் ஓவிய மையை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கரித்தூளும் பிசினும் உலர்ந்தால் பேனா அத்தோடு முடிந்தது. சாதாரணப் பள்ளிக்கூட நீல மை போதுமானது. நிறம் மாற்றும்போதும், மாற்றாவிட்டாலும் மாதம் ஒருமுறையும், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

பிற்சேர்க்கை

இப்பதிவைப் படித்த ஒருவர், தம் பேனா பக்கத்தின் மேற்பாதியில் ஒழுங்காக எழுதுவதாகவும், கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு எழுதுவதாகவும், ஆகவே புள்ளிச் சோதனை பொய் என்றும் எழுதியிருந்தார். குறை பேனாவில் இல்லை. எழுத எழுதக் கை கீழே நகரும்போது அதன் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் படிகின்றன. அந்த இடத்தில் மை ஒட்டாது. கைக்குக் கீழே ஒரு தாளை மடித்து வைத்து எழுதச் சொன்னேன்; சரியாகிவிட்டதாக மறுவாரம் பதில் வந்தது. சோதனையையும் பக்கத்தின் மேற்பகுதியில் செய்யுங்கள்.

இடக்கைப் பழக்கமுள்ள வாசகி ஒருவர், எழுதியதன்மீதே கை உராய்ந்து மை இழுபடுவதாகக் கூறியிருந்தார். இடமிருந்து வலமாக எழுதும் நம் எழுத்தில் அதைத் தவிர்ப்பது கடினம். மிக மெல்லிய நிப்பும், சற்று உறிஞ்சும் தாளும் உதவும். மற்றவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொன்ன மலிவான நோட்டுப் புத்தகம் அவருக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது.