பனியன் ஊரில் கையால் பின்ன ஆரம்பித்தால் எங்கெல்லாம் சறுக்கும்

திருப்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பின்னல் என்றாலே மிஷின் சத்தமும் நைட் ஷிஃப்டும்தான் ஞாபகம் வரும். அதனால் நான் இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்தபோது, "மிஷின் ஒரு நிமிசத்துல போடறத நீ ஏங்கண்ணு ஒரு மாசமா போட்டுட்டு இருக்கற?" என்று அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) கேட்டதில் நியாயம் இருந்தது. ரெண்டு கையும் வேலையாக இருந்தால் போனைத் தொட முடியாது, அந்த நிம்மதிக்காகத்தான் அமுச்சி.

முதல் தவறு நான் செய்ததேதான்: ஊட்டி டூருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று கிளம்பியது. டூர் முடிந்து வந்தும் முதுகுப் பாகமே பாதிதான். இருபது கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) அகலத்தில் ஒரு சின்னத் துண்டு போதும். அதுவும் கறுப்பு நூலில் வேண்டாம், எது எந்தக் கண்ணி என்றே தெரியாது. வெளிர் நிறம், ரோமம் இல்லாத நடுத்தரத் தடிமன், 4 மில்லிமீட்டர் ஊசி, சரியாக இருக்கும்.

நம்ம ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. கம்பெனியில் மிச்சமான கோன் நூலை யாராவது சும்மா தருவார்கள், ஆசையாக வாங்கி வந்துவிடுவோம். முப்பதாம் நம்பர் நூல் முடி மாதிரி இருக்கும், இருபது இழைக்கு மேல் சேர்த்தால்தான் அந்த ஊசிக்கு ஒத்து வரும். அந்தச் சிக்கெடுக்கும் வேலைக்கு ஒரு கண்டு விலை கொடுத்தே வாங்கலாம்.

அப்புறம் இறுக்கம். ஒவ்வொரு கண்ணியையும் சுண்டி இழுத்தால் அடுத்த வரிசையில் ஊசியே நுழையாது. கண்ணியின் அளவை ஊசியின் தடித்த உடம்பு முடிவு செய்யட்டும், கூர்முனையில் வைத்தே பின்னாதீர்கள்.

இருபது கண்ணி எப்படி இருபத்து மூன்று ஆனது என்று எல்லோரும் ஒரு நாள் முழிப்பார்கள். வரிசை தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய்க் கிடந்தால் முதல் கண்ணி இரண்டு போலத் தெரியும், நாமும் இரண்டாகவே பின்னிவிடுவோம். நிட்டிலிருந்து (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி) பர்லுக்கு (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவர மறந்தாலும் ஒன்று கூடும், கூடவே ஓட்டையும் விழும். அதனால் வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கினால் மொத்தத்தையும் பிரித்துவிட வேண்டாம், கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம்.

ஓரம் சுருள்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் போட்டிருக்கும் பனியனைக் கொஞ்சம் பாருங்கள். வெளிப்பக்கம் தலைகீழ்க் கூரை மாதிரி வரிசைகள், உள்பக்கம் மேடு மேடாக இருக்கும். நாம் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னுவதும் இதே துணிதான். பனியனின் ஓரத்தை வெட்டினால் அதுவும் சுருளும், அது துணியின் குணம். ஓரத்தில் நாலு கண்ணிகளை மட்டும் எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நூல் வாங்கும்போது லாட் நம்பரை (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) பார்த்து, தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் ஷேடு மாறும், சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

என் முதல் துண்டு இப்போது அமுச்சி வீட்டு அடுப்பில் போசி (பாத்திரம்) இறக்கும் கரித்துணி. நல்லவேளை, அது பருத்தி. அக்ரிலிக்காக இருந்திருந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டியிருக்கலாம்.