பராமரிப்பவரின் உடலுக்கும் பயிற்சி வேண்டும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாப் பகுதியில், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயன் வீடுகளில், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, பீலியிலிருந்து (நீர் விழும் குழாயிலிருந்து) தண்ணீரும் சுமக்கும் பெண்ணிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசினால், நேரம் எங்கே என்று கேட்பது நியாயமே. ஆனால், முதுகை வருத்தும் அந்த வேலையையே பயிற்சியாகக் கருதிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைப்பதோடு, ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் விட்டுவிட்டது; பராமரிப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆகவே, நோயாளி கண்ணயரும்போது இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை ஊன்றாமல் பலமுறை மெல்ல எழுந்து உட்காருங்கள். பக்கத்துக் காம்பிராவில் (லயன் வீட்டில்) இருப்பவரிடம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் தோட்டப் பாதையில் நடந்து வரலாம். உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். மழை நாளில் வழுக்கும் படிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.