காலனிப் பத்திரிகைக் கதைகளை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியாவின் வெகுஜனச் சிறுகதைகள் புத்தகமாக வருவதற்கென்று எழுதப்பட்டவை அல்ல. மெல்போர்னில் 1865 செப்டம்பரில் தொடங்கிய 'ஆஸ்திரேலியன் ஜர்னல்', சிட்னியில் 1880 ஜனவரியில் தொடங்கிய 'புல்லட்டின்' போன்ற இதழ்களுக்காக, அவற்றின் பக்க அளவையும் வாசகரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இன்று நம் கைக்கு அவை பெரும்பாலும் தொகுப்பு நூல்கள் வழியாகவே வந்து சேர்கின்றன. வாசகரும் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் வேர் விட்டிருக்கின்றன.

நூலில் உள்ள கதையே இதழிலும் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுவே. பார்பரா பேய்ன்டனின் 'தி சோஸன் வெஸல்' என்ற கதையைப் பாருங்கள். ஆளரவமற்ற புதர்க்காட்டுக் குடிசையில் கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் ஒரு பெண்ணை நாடோடி ஒருவன் இரவில் தாக்கிக் கொல்லும் கதை. 1902இல் லண்டனில் வெளியான 'புஷ் ஸ்டடீஸ்' தொகுப்பில் இதைப் படிப்பவர்கள், அவள் உயிருக்கு அலறியபடி ஒரு குதிரைவீரனை நோக்கி ஓடும் கட்டத்தை மறக்கவே மாட்டார்கள். வாக்களிக்கச் சென்றுகொண்டிருக்கும் அந்தக் கத்தோலிக்க இளைஞன், வெள்ளை உடையில் குழந்தையை ஏந்தி நிற்பவளைக் கன்னி மரியாளின் காட்சி என்று எண்ணிப் பரவசத்துடன் குதிரையை ஓட்டிப் போய்விடுகிறான். பெண்ணைத் தெய்வமாகத் தொழத் தெரிந்தவனுக்கு எதிரில் நிற்கும் மனுஷியைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பதே அந்தக் கதையின் உயிர்நாடி.

ஆனால் 1896 டிசம்பரில் 'புல்லட்டின்' வாசகர்கள் அதைப் படிக்கவில்லை. அவர்கள் படித்த கதையின் பெயர் 'தி டிராம்ப்'. குதிரைவீரன் கண்ட காட்சியைச் சொல்லும் பகுதி முழுவதையும் இதழின் இலக்கியப் பகுதியைக் கவனித்துவந்த ஏ. ஜி. ஸ்டீஃபன்ஸ் நீக்கிவிட்டார். தலைப்பும் கவனத்தை அந்த நாடோடியின் பக்கம் திருப்பிவிட்டது. மிஞ்சியது ஒரு திகில் கதை, அவ்வளவுதான். 'புல்லட்டின்' மதத்தையும் ஆணாதிக்கத்தையும் இவ்வளவு துணிவாகத் தாக்கும் கதையை வெளியிட்டது என்று யாராவது எழுதினால், அந்த இதழ் வெட்டி எறிந்த பகுதிக்கான பெருமையை அதன் தலையிலேயே சூட்டுகிறார்கள். பேய்ன்டனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறுபடி இழைப்பதற்குச் சமம் இது.

ஆகவே எந்தக் கதையைப் பற்றி எழுதினாலும் எந்த வடிவத்தைப் படித்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மார்க்கஸ் கிளார்க்கின் புகழ்பெற்ற தொடர்கதை 'ஹிஸ் நேச்சுரல் லைஃப்' 1870 முதல் 1872 வரை 'ஆஸ்திரேலியன் ஜர்ன'லில் வந்தது. 1874இல் நூலானபோது பெரிய அளவில் சுருக்கப்பட்டு, முடிவே மாறிப்போனது. ஹென்றி லாசனின் 'தி டிரோவர்ஸ் வைஃப்' 1892 ஜூலையில் 'புல்லட்டி'னில் வந்தது. 1896இல் 'வைல் த பில்லி பாய்ல்ஸ்' தொகுப்புக்காகத் திருத்தங்களுடன் அச்சேறியது. இதழில் வந்த ஆண்டை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, நூலில் உள்ள வரிகளை மேற்கோள் காட்டும் வழக்கம் கல்விப்புலத்திலும் இருக்கிறது. அதைக் கைவிட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, கதையில் பேசும் குரலை வைத்து எழுதியவர் யார் என்று முடிவு கட்டுவது. 'ஆஸ்திரேலியன் ஜர்ன'லில் 1868இல் தொடங்கி 1908 வரை நாற்பது ஆண்டுகள் ஓடிய 'தி டிடெக்டிவ்ஸ் ஆல்பம்' என்ற தொடரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கதைகள் வந்தன. கதை சொல்பவர் மார்க் சின்க்ளேர் என்ற துப்பறியும் அதிகாரி. கீழே 'டபிள்யூ. டபிள்யூ.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும். காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண் ஒருவர் தம் அனுபவங்களை எழுதுகிறார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எழுதியவர் பெல்ஃபாஸ்டில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, 1855இல் கைக்குழந்தையுடன் விக்டோரியாவின் தங்கவயல்களுக்கு வந்த மேரி ஃபார்ச்சூன். 'வெய்ஃப் வாண்டர்' என்ற அவருடைய இன்னொரு புனைபெயரின் சுருக்கமே அந்த எழுத்துகள்.

இந்தப் பெயர்மறைவை வெறும் விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. முதலெழுத்துகளோடு மட்டும் அவர் அனுப்பிய எழுத்துகளைப் பார்த்து, தங்கவயல் பகுதிப் பத்திரிகை ஒன்று துணை ஆசிரியர் வேலை தர முன்வந்தது; எழுதியவர் பெண் என்று தெரிந்ததும் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது. இதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அவருடைய உண்மைப் பெயரை ஜே. கே. மோயர் என்ற மெல்போர்ன் நூல் சேகரிப்பாளர் 1950களில்தான் கண்டெடுத்தார். அவர் வாழ்க்கையைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தவர் லூசி சஸெக்ஸ் என்ற ஆய்வாளர். நாற்பது ஆண்டுகள் ஓயாமல் எழுதிய ஒருவரின் பெயரை நாடே அறியாதிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் வேகிறது.

குரலை நம்புவது ஒரு தவறு என்றால், அட்டையில் உள்ள பெயரை நம்புவது இன்னொன்று. ஜேம்ஸ் ஸ்கிப் போர்லேஸ் 'ஆஸ்திரேலியன் ஜர்ன'லின் தொடக்க காலத்தில் காவலர் கதைகள் எழுதியவர். பிறர் எழுத்தைத் திருடியதற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். 1867இல் அவர் பெயரில் வந்த 'தி நைட் ஃபாஸிக்கர்ஸ்' தொகுப்பில் மேரி ஃபார்ச்சூன் எழுதிய கதைகளும் இடம்பெற்றிருக்கின்றன. நூலகப் பட்டியலில் போர்லேஸ் என்று இருப்பதாலேயே அவை போர்லேஸின் கதைகள் ஆகிவிடாது. இதழில் யார் கையொப்பத்துடன் வந்தன, அதே தொடரில் முன்னும் பின்னும் எழுதியவர் யார் என்று பார்த்த பிறகே ஒரு கதையை ஒருவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேரியின் நினைவுக் குறிப்புகளையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1880களின் தொடக்கத்தில் அதே இதழில் அவர் தங்கவயல் நாள்களைப் பற்றி எழுதியவை அருமையானவை. கூடாரங்கள், புழுதி, கடைத்தெரு எல்லாம் கண்முன் நிற்கும். ஆனால் 1858இல் பெர்சி ரோலோ பிரெட் என்ற குதிரைக் காவலரை மணந்ததை அவர் அங்கே சொல்லவில்லை. காவல் துறை நடைமுறைகள் அவருக்கு அத்துப்படியாக இருந்ததற்கு அந்த மணவாழ்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேறு வாய்ப்புகள் ஏதுமற்ற ஒரு பெண் எதை மறைத்தாள் என்பதும் வரலாறுதான். அதைக் காணத் திருமணப் பதிவேட்டையும் காவல் துறை அரசிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

துப்பறியும் கதை என்றாலே ஷெர்லாக் ஹோம்ஸின் நகல் என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆண்டுகளைப் பார்த்தாலே இது தகர்ந்துவிடும். மேரி ஃபார்ச்சூனின் 'தி டெட் விட்னஸ்' 1866 ஜனவரியில் வந்தது. ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றியது 1887இல், அதாவது இருபத்தோர் ஆண்டுகள் கழித்து. மேரிக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1849 முதல் எடின்பரோவின் 'சேம்பர்ஸ்' இதழில் 'வாட்டர்ஸ்' என்ற பெயரில் வந்த காவலர் நினைவுக் கதைகள் காலனிகளிலும் பரவியிருந்தன. அந்த மரபை அவர் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார். ஊரும் பேரும் மாற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த இடத்தில், எதிரில் நிற்பவன் உண்மையில் யார் என்ற கேள்வி அன்றாடக் கேள்வி. ஆள்மாறாட்டக் கதைகள் அங்கே செழித்ததற்குக் காரணம் இதுதான். லண்டனைப் பார்த்து எழுதியதால் அல்ல.

காலனிக் கதை என்றால் புதர்க்காடு, மாடு ஓட்டிகள், வறட்சி என்று மட்டும் எதிர்பார்ப்பதும் சரியல்ல. அந்தப் படிமம் பெரும்பாலும் 1890களின் 'புல்லட்டின்' வளர்த்தது. 1860களின் மெல்போர்ன் இதழ், லண்டனின் மலிவு விலைக் குடும்ப இதழ்களின் அச்சில் வார்க்கப்பட்டது. காதல், பேய், பரம்பரைச் சொத்து எல்லாம் அதில் உண்டு. மேரியே 1867இல் எழுதிய 'தி வைட் மேனியாக்', லண்டனில் ஒரு மருத்துவர் சொல்லும் திகில் கதை.

இனவெறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'அக்காலத்தில் அப்படித்தான்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. மொழிபெயர்க்கும்போது அந்தச் சொற்களை மழுப்பி விடுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. 'தி டிரோவர்ஸ் வைஃப்' கதையில் விறகை உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கி, நாயகியான மாடு ஓட்டியின் மனைவியை ஏமாற்றுபவனும் ஒரு பழங்குடி மனிதன், பிரசவ வேளையில் உதவிக்கு வருபவளும் ஒரு பழங்குடிப் பெண். லாசன் அவளைப் புகழ்வதற்கும் வெண்மையைத்தான் அளவுகோலாக எடுக்கிறார். அந்த வரியை மென்மையாக்கினால் கதையில் ஒரு முக்கியமான சான்றை அழித்தவர்களாவோம். 1908 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 'ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே' என்பதைத் தன் முகப்பு முழக்கமாக வைத்திருந்த இதழ் 'புல்லட்டின்' என்பதை மறந்துவிட்டு அதன் கதைகளை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் போற்ற முடியாது.

கடைசியாக, தேடும் இடம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'டிரோவ்' தளத்தில் பழைய இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் மங்கிய அச்சை இயந்திரம் படித்துத் தந்த எழுத்தில் பிழைகள் மலிந்திருக்கும். தலைப்பை ஒரே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று முடிவுக்கு வரக் கூடாது. பாத்திரப் பெயர், ஊர்ப் பெயர், துணைத்தலைப்பு என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும் தேடி நின்றுவிடவும் கூடாது. பாரமட்டாவில் பிறந்த ஜான் லேங் 1842இல் இந்தியா வந்தார், வழக்கறிஞராக ஜான்சி ராணிக்கு உதவினார், 1864இல் முசூரியில் இறந்தார். அவருடைய கதைகள் சில சிட்னியில் அல்ல, அவரே 1845இல் தொடங்கிய 'மொஃபுஸிலைட்' பத்திரிகையில்தான் முதலில் தொடராக வந்தன. ஆஸ்திரேலியப் புனைகதையின் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றைப் படிக்க விரும்புகிறவர்கள் கல்கத்தாவிலும் மீரட்டிலும் அச்சான பழைய தாள்களையும் புரட்டியாக வேண்டும்.