கொதிநீரில் சோதிப்பதும் ஆறவிட்ட நீரில் அருந்துவதும்: சீன மலைப் பச்சைத் தேயிலை

மலையில் விளைந்த சீனப் பச்சைத் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவது ஒரு வேலை. குடிப்பதற்காக அதை ஊறவைப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல இலையைக் கசக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அல்லது குறையுள்ள இலையை நல்லதென்று நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

அன்ஹுய் மாகாணத்தின் ஹுவாங்ஷான், ஜியாங்சியின் லூஷான், சிச்சுவானின் மெங்டிங்ஷான் ஆகிய மலைகளின் தேயிலை தனிச் சுவை பெறுவதற்குக் குளிரும் மூடுபனியும் பெருங்காரணங்கள். குளிர்ந்த இரவுகளில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. வேரில் உருவாகி இலைக்கு ஏறிவரும் தியானின் என்னும் அமினோ அமிலம், கடும் வெயிலில் சிதைந்து, துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டெச்சின்கள் உருவாக உதவுகிறது. மூடுபனி வெயிலைத் தணிப்பதால் அந்த மாற்றம் குறைந்து, இனிமையும் ஒருவகைச் செறிவும் இலையிலேயே தங்குகின்றன. பறித்த இலையைச் சூடேற்றி, அதைக் கறுக்கச் செய்யும் நொதிகளை அடக்குவதால் பச்சை நிறமும் நிலைக்கிறது. இதைச் சீனர்கள் ஷாச்சிங் என்கிறார்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும், முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குச் சீனாவில் மதிப்பும் விலையும் மிக அதிகம். ஆனால் உயரமான சரிவுகளில் குளிர் விலகத் தாமதமாகும் என்பதால் அங்கே துளிரும் தாமதமாகவே வரும். லூஷானின் யுன்வூ, அதாவது மேகமூட்டத் தேயிலை, பெரும்பாலும் ஏப்ரல் இறுதியில்தான் பறிக்கப்படுகிறது. ஆகவே மலைத் தேயிலையைப் பொறுத்தவரை, முந்திய தேதியை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவுசெய்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

சோதிக்கும்போது இலையிடம் இரக்கம் காட்டக் கூடாது. சீனத் தர மதிப்பீட்டாளர்கள் பச்சைத் தேயிலைக்குக் கையாளும் அளவு 3 கிராம் இலைக்கு 150 மில்லி கொதிநீர். மூடிவைத்து 4 நிமிடம் கழித்து வடித்துவிடுவார்கள். தணிந்த சூட்டில் மறைந்துகிடக்கும் புகைநாற்றம், பழைய வாடை, முரட்டுக் கசப்பு ஆகியவை இந்தக் கொதிநீரில் வெளிவந்துவிடும். வடித்த பின், கோப்பையில் தங்கிய ஈர இலையைச் சூடாக இருக்கும்போது ஒரு முறையும், ஆறிய பின் மறுமுறையும் முகர்ந்து பாருங்கள். நல்ல இலையின் மணம் ஆறிய பின்னும் மூக்கில் நிற்கும். தேநீரை உறிஞ்சி நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய பின் சற்று நேரம் பேசாமல் இருங்கள். கசப்பும் துவர்ப்பும் விரைவில் கரைந்து, தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மேலேறி வந்தால் அதுவே ஹுய்கான், திரும்பி வரும் இனிமை. துவர்ப்பு நாக்கிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டால் அந்த இலையை நான் மறுமுறை வாங்குவதில்லை.

மெங்டிங் கான்லு போன்ற இளங்கொழுந்துத் தேயிலையில் நீர் சற்றுக் கலங்கித் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மொட்டைப் போர்த்தியிருந்த வெண்ணிற மென்மயிர்கள் உதிர்ந்து தூசிபோல் மிதந்து சுழல்வதைக் காணலாம். இது குறையன்று, கொழுந்து இளையது என்பதற்கான அடையாளம்.

குடிப்பதற்கு ஊறவைக்கையில் நீரின் சூடு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். மிக இளங்கொழுந்துக்கு 75 போதும். நீரை ஒருமுறை கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்து ஆறவிட வேண்டும். உப்புச்சத்து மிகுந்த கடின நீர் மணத்தை மழுக்கிவிடும் என்பதால் மென்னீரே ஏற்றது.

உயரமான கண்ணாடிக் குவளையில் இலையை இடுவதற்கு மூன்று முறைகள் உண்டு. கான்லு போன்ற அடர்ந்து சுருண்ட மென்கொழுந்து தானாகவே மூழ்கும் என்பதால், முதலில் நீரை நிரப்பிப் பிறகு இலையைத் தூவலாம். தைபிங் ஹௌகுய் போல நீண்டு தட்டையான இலைக்கு, முதலில் இலையை நிற்கவைத்து அதன்மேல் நீரை ஊற்ற வேண்டும். ஹுவாங்ஷான் மாவ்ஃபெங் என்னும் தேயிலைக்கு இடைப்பட்ட முறையே பொருந்தும்: வெந்நீரால் சூடேற்றிக் கொட்டிய குவளையில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, 3 கிராம் இலையை இட்டு, குவளையை மெல்லச் சுழற்றி, இலை நனைந்து மணம் எழுந்ததும் மீதி நீரைக் குவளையின் விளிம்போரமாக ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் கொழுந்துகள் விரிந்து ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். அப்போது பருகத் தொடங்கலாம்.

குவளையை முழுவதும் காலிசெய்யாமல், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே மறுபடி வெந்நீர் சேர்த்தால் அடுத்த ஊறலும் சப்பென்று ஆகாது. மூன்று முறை ஊறவைக்கலாம். ஒவ்வொரு முறையும் நீரின் சூட்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எஞ்சிய இலையைக் காற்றும் ஒளியும் புகாத உறையில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பிரித்துவிட்டால் குளிர்ந்த இலைமேல் ஈரம் படிந்து கெட்டுவிடும். உறை அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து திறக்க வேண்டும்.