பாலும் முட்டையும் இல்லாத வாழைப்பழ கேக்: முதல் முறை செய்பவர்களுக்கு

வீட்டில் வாங்கி வைத்த வாழைப்பழம் தோல் கறுத்து, காம்பு தளர்ந்து, யாரும் தொடாமல் கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். இந்த கேக்குக்கு அதுதான் வேண்டும். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. அதனால் கறுத்த பழத்தில்தான் இனிப்பும் மணமும் அதிகம். மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தில் செய்தால் கேக் சப்பென்று இருக்கும்.

பச்சை வாழை என்றால் மூன்று பெரிய பழம், பூவன் என்றால் ஐந்தாறு. தோல் நீக்கி 300 கிராம் இருந்தால் சரி. ரஸ்தாளியும் மணமாக இருக்கும். ஆனால் சில பழங்களில் நடுவே கட்டி இருக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். மற்றவை: கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 120 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 80 மில்லி, கெட்டியான முதல் தேங்காய்ப் பால் 60 மில்லி, ஆப்ப சோடா தலைதட்டி முக்கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. கையில் முந்திரி இருந்தால் உடைத்துப் போடலாம்.

எதையும் கலக்கும் முன்பு அடுப்பைத் தயார் செய்யுங்கள். முதல் தடவை நான் மாவைக் கலந்து வைத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் பாத்திரத்தைச் சூடுபடுத்தினேன். கேக் எழும்பவே இல்லை, செங்கல் மாதிரி வந்தது. ஆப்ப சோடா புளிப்போடு சேர்ந்த நொடியே கரியமில வாயு கிளம்பிவிடும். முட்டை இல்லாத கேக்கைத் தூக்கி நிறுத்துவது அந்தக் குமிழிகள்தான். மாவு காத்திருந்தால் அவை வெளியேறிவிடும்.

ஓவன் இருந்தால் 180 டிகிரியில் முன்சூடு. இல்லையென்றால் அடி கனமான பெரிய பாத்திரத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்து, இறுக்கமாக மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிடுங்கள். பலர் பிரஷர் குக்கரில் செய்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் குக்கரைக் காய வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் பழைய கனமான பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். 7 அங்குல வட்ட டின்னில் எண்ணெய் தடவி, மாவு தூவித் தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழத்தை மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், அங்கங்கே சின்னத் துண்டுகள் இருந்தால்தான் வெந்தபின் அந்த இடம் அல்வா போல வாயில் கரையும். அதிலேயே சர்க்கரை, எண்ணெய், தேங்காய்ப் பால் சேர்த்துச் சர்க்கரை கரையும் வரை கலக்குங்கள். மாவு, சோடா, உப்பு, ஏலக்காய் நான்கையும் தனியே இரண்டு தடவை சலித்து வையுங்கள். சோடா கட்டியாக நின்றால் அந்தக் கடி சோப்பு போலக் கசக்கும்.

எலுமிச்சைச் சாற்றைப் பழக்கலவையில் விட்டு, உடனே மாவைக் கொட்டி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வறண்ட மாவு கண்ணில் படாத வரைதான், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். சப்பாத்திக்கு எந்த இழுவை வரட்டும் என்று பிசைகிறோமோ, அந்த இழுவை கேக்குக்கு ஆகாது. மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். கெட்டியாகத் தோன்றினால் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப் பால் விடலாம்.

உடனே டின்னில் ஊற்றி அடுப்பில் வைத்துவிடுங்கள். ஓவனில் 40 முதல் 45 நிமிடம், பாத்திரத்தில் சிறு தீயில் சுமார் 50 நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள், நடுவில் அமுங்கிவிடும். வாசனை வந்ததும் ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

வெளியே எடுத்து 10 நிமிடம் கழித்துக் கவிழ்த்து, முழுதும் ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று, வேகாதது போலத் தெரியும்.

இது நன்றாகப் பழகிய பின் லேசான ஸ்பாஞ்சு கேக் முயலலாம். அதற்குச் சுண்டல் வேகவைத்த தண்ணீர் உதவும். வெள்ளைக் கொண்டைக்கடலை வெந்த கெட்டித் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக் கரு போல நுரைக்கும். இதை 2014-இல் கண்டுசொன்னவர் பிரான்சின் ஜோயல் ரோசெல். நாம் இவ்வளவு நாளும் அதைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வாழைப்பழ கேக் மறுநாள் இன்னும் மணக்கும். கோடைக்காலமென்றால் இரண்டாம் நாளே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது தோசைக்கல்லில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, துண்டின் இரண்டு பக்கமும் ஓரம் மொறுமொறுக்கும் வரை சுட்டு எடுங்கள்.